செங்குத்து நிரப்பி: ஸ்ட்ராங் வீடியோவா, ஆக்ஸ்லர் புத்தகமா?

நேரியல் இயற்கணிதம் படிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. நான்கு எண்கள் கொண்ட இரண்டு வெக்டர்களைக் கொடுத்தால் அவற்றின் செங்குத்து நிரப்பியை, அதாவது இரண்டுக்கும் செங்குத்தான எல்லா வெக்டர்களின் தொகுப்பை, இரண்டு நிமிடத்தில் எழுதிவிடுவார்கள் ஒரு வகையினர். நிரப்பியின் நிரப்பி ஏன் பழைய உள்வெளியாகவே (உள்வெளி என்றால் கூட்டினாலும் எண்ணால் பெருக்கினாலும் தன்னைவிட்டு வெளியேறாத வெக்டர் கணம்) திரும்பி வருகிறது என்று கேட்டால் விழிப்பார்கள். இன்னொரு வகையினர் அந்தத் தேற்றத்தை வரி பிசகாமல் எழுதுவார்கள். எண்களைக் கொடுத்தால் பேனா நகராது. எந்த வழியில் கற்றார்கள் என்பதுதான் இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம்.

எடுத்துக்காட்டு வழிக்கு எம்ஐடியில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய 18.06 பாடத்தையும், நிரூபண வழிக்கு ஷெல்டன் ஆக்ஸ்லரின் ‘லீனியர் அல்ஜிப்ரா டன் ரைட்’ நூலையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் காசு வேண்டாம். ஸ்ட்ராங்கின் வகுப்புகள் 1999இல் படமாக்கப்பட்டவை, எம்ஐடியின் இலவசப் பாடத்தளமான ஓப்பன் கோர்ஸ்வேரில் இருக்கின்றன. ஆக்ஸ்லர் நூலின் நான்காம் பதிப்பை அவருடைய தளத்திலிருந்தே பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம், திருட்டுப் பிரதி தேட வேண்டியதில்லை. இந்த மதிப்புரை முழுப் பாடத்துக்கானது அல்ல. ஸ்ட்ராங்கில் 14 முதல் 17 வரையிலான வகுப்புகள், ஆக்ஸ்லரில் ஆறாம் அத்தியாயத்தின் மூன்றாம் பகுதி, அவ்வளவுதான்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவு: முதலில் ஸ்ட்ராங்கின் 14ஆம் வகுப்பு, அதன் பிறகு ஆக்ஸ்லர். வரிசையை மாற்றாதீர்கள். ஆக்ஸ்லரைப் படிக்கும்போது ஒவ்வொரு தேற்றத்திலும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு என்ன உடைகிறது என்று எண்களைப் போட்டுப் பாருங்கள். அதைச் செய்யாவிட்டால் இரண்டையும் முடித்தும் பெரிய பலன் இருக்காது.

ஸ்ட்ராங்கிலிருந்து தொடங்குவோம். 14ஆம் வகுப்புக்குள் நேராக நுழைந்தால் பாதி புரியாது, 10ஆம் வகுப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஓர் அணியின் நான்கு உள்வெளிகளான நிரை வெளி, நிரல் வெளி, சுழிவெளி, நிரை நிரல் மாற்று அணியின் சுழிவெளி ஆகியவற்றை அவர் அறிமுகப்படுத்துவது அங்கேதான். 14இல் அந்தப் படத்துக்கு ஒரே ஒரு செங்கோணக் குறியைச் சேர்க்கிறார்: நிரை வெளியும் சுழிவெளியும் ஒன்றுக்கொன்று செங்குத்து. காரணம் ஒரு வரிதான். அணியை ஒரு வெக்டரால் பெருக்கிச் சுழி வந்தால், ஒவ்வொரு நிரையோடும் அந்த வெக்டரின் புள்ளிப் பெருக்கல் சுழி. நிரைகளுக்குச் செங்குத்து என்றால் நிரைகளின் எல்லாச் சேர்க்கைகளுக்கும் செங்குத்து.

இந்த ஒரு வரியிலேயே கணக்குப் போடும் முறையும் அடங்கிவிடுகிறது. நாற்பரிமாண வெளியில் (1, 2, 0, 1), (0, 1, 1, 1) ஆகிய இரண்டும் உருவாக்கும் உள்வெளியை உ என்போம். அதன் நிரப்பி வேண்டும், அதை உ⊥ என்று எழுதுவோம். இரண்டு வெக்டர்களையும் நிரைகளாக அடுக்கி, 2 நிரை 4 நிரல் கொண்ட அணியின் சுழிவெளியைத் தேடுங்கள். மூன்றாம், நான்காம் மாறிகள் கட்டற்றவை. இரண்டாவது சமன்பாட்டின்படி இரண்டாம் உறுப்பு, மூன்றாம் நான்காம் உறுப்புகளுடைய கூடுதலின் எதிர்மறை. அதை முதல் சமன்பாட்டில் போட்டால் முதல் உறுப்பு, மூன்றாவதின் இருமடங்கும் நான்காவதும் சேர்ந்தது. ஆக (2, −1, 1, 0), (1, −1, 0, 1) ஆகிய இரண்டும் உ⊥ உள்வெளியின் பேசிஸ், அதாவது ஒன்றையொன்று சாராமல் அதை முழுவதும் உருவாக்கும் வெக்டர்கள். நான்கு புள்ளிப் பெருக்கல்களையும் போட்டுப் பாருங்கள், நான்கும் சுழி. பரிமாணக் கணக்கு 2 + 2 = 4.

இதில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. வெக்டர்களை நிரல்களாக அடுக்கிவிட்டுச் சுழிவெளி தேடுவது ஒன்று. 4 நிரை 2 நிரல் அணியில் இரண்டு நிரல்களும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் சுழி வெக்டர் மட்டுமே கிடைக்கும். உடனே “நிரப்பி வெறும் சுழிதான்” என்று எழுதிவிடுவார்கள். விடையில் இரண்டே உறுப்புகள் இருப்பதைப் பார்த்தாலே தப்பு தெரிந்துவிடும், நாற்பரிமாண வெளியின் வெக்டருக்கு நான்கு உறுப்புகள் வேண்டுமே. இன்னொன்று, கிடைத்த இரண்டு பேசிஸ் வெக்டர்களின் புள்ளிப் பெருக்கல் 3 என்று பார்த்துப் பதறி, விடையை அடிப்பது. உ⊥ மொத்தமும் உ மொத்தத்துக்கும் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உ⊥ உள்ளே இருப்பவை தமக்குள் செங்குத்தாக இருக்கத் தேவையில்லை. அது வேண்டுமென்றால் தனியாகக் கிராம்-ஷ்மிட் செய்ய வேண்டும், 17ஆம் வகுப்பில் வருகிறது.

கரும்பலகையும் தரையும் செங்குத்தான உள்வெளிகள் அல்ல என்று ஸ்ட்ராங் சொல்லும் இடம் இந்த நான்கு வகுப்புகளிலேயே மிகவும் பயனுள்ளது. அன்றாடப் பேச்சில் சுவர் தரைக்குச் செங்குத்துதான். ஆனால் இரண்டும் சந்திக்கும் கோட்டில் உள்ள வெக்டர் இரண்டிலும் இருக்கிறது, அது தனக்குத் தானே செங்குத்தாக இருக்க முடியாது. முப்பரிமாணத்தில் 2 + 2 என்பது 3ஐத் தாண்டிவிடுகிறது என்று எண்ணினாலே போதும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து, ஆனால் முப்பரிமாணத்தில் ஒன்று மற்றதன் நிரப்பி அல்ல, 1 + 1 மூன்றை எட்டவில்லை. செங்குத்தாக இருப்பது வேறு, செங்குத்தான அத்தனையையும் கொண்டிருப்பது வேறு. நிரப்பி என்றால் அத்தனையும்.

15, 16ஆம் வகுப்புகளில் இந்தக் கருத்து வேலைக்கு வருகிறது. (1, 1), (2, 2), (3, 2) ஆகிய மூன்று புள்ளிகளுக்குப் பொருந்தும் நேர்கோட்டை 16இல் தேடுகிறார். வெட்டுத்துண்டு 2/3, சாய்வு 1/2. பிழைகள் −1/6, 2/6, −1/6. சாதாரணமாக இதற்கு இரண்டு மாறி கொண்ட சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும். நிரப்பியைப் புரிந்துகொண்டவருக்குக் குறுக்கு வழி இருக்கிறது: அந்தத் தொகுதியின் அணிக்கு நிரல்கள் (1, 1, 1), (1, 2, 3). இரண்டுக்கும் செங்குத்தானது (1, −2, 1), அதன் மடங்குகளைத் தவிர வேறொன்றுமில்லை. தரவு வெக்டர் (1, 2, 2). அதன் வீழலை, அதாவது செங்குத்தாக விழும் நிழலை, இந்த ஒற்றை வெக்டர் மேல் எடுங்கள்: புள்ளிப் பெருக்கல் 1 − 4 + 2 = −1, நீளத்தின் வர்க்கம் 6, எனவே வீழல் (1, −2, 1)இன் −1/6 மடங்கு. பிழை வெக்டர் அப்படியே வந்துவிட்டது, சமன்பாடு எதையும் தீர்க்கவில்லை. உள்வெளி பெரிதாகவும் நிரப்பி சிறிதாகவும் இருக்கும்போதெல்லாம் இந்தப் பக்கமிருந்து வருவது லாபம்.

ஸ்ட்ராங்கின் குறை என்ன? நிபந்தனைகள் காற்றில் கரைந்துவிடுகின்றன. நிரை வெளிக்குச் செங்குத்தான எல்லாமே சுழிவெளியில் இருக்கின்றன என்று அழுத்திச் சொல்கிறார், அது சரி. ஆனால் திருப்பிப் போட்டால், அதாவது சுழிவெளிக்குச் செங்குத்தான எல்லாமே நிரை வெளியில்தானா என்று கேட்டால், அதற்குப் பரிமாண எண்ணிக்கை தேவை. அந்த எண்ணிக்கைக்கு வெளி முடிவுறு பரிமாணமாக, அதாவது எண்ணி முடிக்கக்கூடிய பேசிஸ் உள்ளதாக, இருக்க வேண்டும். இதெல்லாம் படத்துக்குள் மறைந்துபோகிறது. புள்ளிப் பெருக்கலும் கடவுள் கொடுத்ததுபோல ஒன்றே ஒன்றாக இருக்கிறது. உட்பெருக்கலை (புள்ளிப் பெருக்கலின் பொதுவடிவம்) மாற்றினால் நிரப்பியும் மாறும் என்பது எடுத்துக்காட்டு வழியில் மட்டும் வந்தவருக்கு அதிர்ச்சியாக இருக்கும். தளத்தில் முதல் உறுப்புகளின் பெருக்கலுக்கு 2 என்ற எடை கொடுத்துப் பாருங்கள். (1, 1)இன் நிரப்பி இனி (1, −1) வழியாகப் போகாது, (1, −2) வழியாகப் போகும்: 2 × 1 × 1 + 1 × (−2) = 0.

கலப்பெண்களில் நிலைமை இன்னும் மோசம். 18.06இல் கலப்பெண் அணிகள் 26ஆம் வகுப்பில்தான் வருகின்றன, அதுவரை பழகிய கை இணையெண் எடுக்க மறந்துவிடும். −1இன் வர்க்கமூலத்தை ஐ என்று எழுதினால், (1, ஐ) உருவாக்கும் உள்வெளியின் நிரப்பி (ஐ, 1). இணையெண் எடுக்காமல் நிரைகளை அப்படியே வைத்துச் சுழிவெளி தேடினால் (−ஐ, 1) வரும். அது (1, ஐ)ஐயே −ஐயால் பெருக்கியது! தேடப் போன நிரப்பி உள்வெளியாகவே திரும்பி வந்து நிற்கிறது.

இப்போது ஆக்ஸ்லர். இங்கே நிரப்பிக்கு முன் உட்பெருக்கல், நீளம், ஆர்த்தோநார்மல் பேசிஸ் (தமக்குள் செங்குத்தான, நீளம் 1 உள்ள பேசிஸ் வெக்டர்கள்), கிராம்-ஷ்மிட் எல்லாம் முடிந்திருக்கும். வரையறையே கவனமாக இருக்கிறது: உ என்பது உள்வெளியாகக்கூட இருக்க வேண்டியதில்லை, ஏதாவது ஓர் உட்கணம் போதும். உ⊥ எப்படியும் உள்வெளிதான். இந்தச் சின்னத் தாராளம் வீண் அலங்காரம் அல்ல. தளத்தில் (1, 0), (2, 0) என்ற இரண்டே புள்ளிகளை உ என்று எடுங்கள். உ⊥ செங்குத்து அச்சு, அதன் நிரப்பி முழுக் கிடை அச்சு. இரண்டு புள்ளிகளில் தொடங்கி ஒரு கோட்டில் முடிந்தோம். முடிவுறு பரிமாண வெளியில் நிரப்பியின் நிரப்பி என்பது கணத்தை உள்ளடக்கும் மிகச் சிறிய உள்வெளியைக் கட்டிக் கொடுக்கும் செயல் என்று இதிலிருந்து தெரிகிறது. உ ஏற்கெனவே உள்வெளியாக இருந்தால் கூடுதலாக எதுவும் சேராது, அதனால்தான் அது தன்னிடமே திரும்புகிறது.

இந்தப் பகுதியின் முதுகெலும்பு, உ முடிவுறு பரிமாணமாக இருந்தால் முழு வெளியும் உ, உ⊥ இரண்டின் நேர்க் கூட்டல், அதாவது ஒவ்வொரு வெக்டரும் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக ஒரே ஒரு வழியில் பிரியும், என்ற தேற்றம். நிரூபணம் நான்கைந்து வரி: உவுக்கு ஓர் ஆர்த்தோநார்மல் பேசிஸ் எடு, வெக்டரின் வீழல்களைக் கூட்டு, மூல வெக்டரிலிருந்து கழி, மிச்சம் ஒவ்வொரு பேசிஸ் வெக்டருக்கும் செங்குத்து என்று சரிபார். புத்தகம் இதைக் குறியீட்டிலேயே முடித்துவிடுகிறது. ஓரத்தில் எண்களை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உ என்பது (1, 2, 2) வழியான கோடு, நீளம் 3, எனவே அலகு வெக்டர் (1/3, 2/3, 2/3). பிரிக்க வேண்டியது (3, 0, 3). உட்பெருக்கல் 1 + 0 + 2 = 3. வீழல் (1, 2, 2), மிச்சம் (2, −2, 1). சரிபார்ப்பு: 2 − 4 + 2 = 0. இதை ஒருமுறை கையால் செய்தவருக்கு நிரூபணத்தின் எந்த வரி எந்த வேலையைச் செய்கிறது என்பது மறக்காது.

பகுதியின் இறுதிப் பாதியில் வரும் எடுத்துக்காட்டு ஒன்றுக்காகவே இந்தப் புத்தகத்தைத் திறக்கலாம். சைன் சார்பை −π முதல் π வரை ஐந்துபடிக்கு மிகாத பல்லுறுப்புக்கோவையால் தோராயப்படுத்துகிறார். உட்பெருக்கல் தொகையீடு, உள்வெளி பல்லுறுப்புக்கோவைகள், விடை வீழல். கெழுக்கள்: ஒருபடிக்கு 0.987862, முப்படிக்கு −0.155271, ஐந்துபடிக்கு 0.00564312. 3 என்ற இடத்தில் மதிப்பிட்டால் சுமார் 0.1425 வருகிறது, உண்மை மதிப்பு 0.1411. அதே படியுள்ள டெய்லர் கோவை 3 − 4.5 + 2.025 = 0.525 என்று எங்கோ போய் நிற்கிறது. டெய்லர் ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் பார்க்கிறது, வீழல் இடைவெளி முழுவதையும் பார்க்கிறது. மூன்று புள்ளிக்குக் கோடு பொருத்தியதும் இதுவும் ஒரே தேற்றம் என்பதை ஸ்ட்ராங்கை முதலில் பார்த்தவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

ஆனால் ஆக்ஸ்லரின் தேற்றங்களை மட்டும் வாசித்துவிட்டுப் பயிற்சிகளைத் தாண்டிப் போகிறவர்கள் பெரிய விஷயம் ஒன்றை இழக்கிறார்கள். −1 முதல் 1 வரையிலான தொடர்ச்சியான சார்புகளின் வெளி, உட்பெருக்கல் இங்கேயும் தொகையீடு. உ என்பது 0இல் மதிப்பு சுழியாகும் சார்புகள். அதன் நிரப்பி என்ன? உ⊥ உள்ளே ஒரு சார்பு இருக்கிறது என்று வைத்து, அதை மாறியின் வர்க்கத்தால் பெருக்குங்கள். அந்தப் பெருக்கல்பலன் 0இல் சுழி, எனவே உவில் இருக்கிறது. இரண்டின் உட்பெருக்கல் சுழியாக வேண்டும். அதாவது மாறியின் வர்க்கத்தையும் சார்பின் வர்க்கத்தையும் பெருக்கித் தொகையிட்டால் சுழி. எங்கும் சுழிக்குக் கீழே போகாத தொடர்ச்சியான சார்பின் தொகையீடு சுழியென்றால் அது எங்கும் சுழி. ஆக உ⊥ வெறும் சுழி. உ முழு வெளி அல்ல, ஆனாலும் அதன் நிரப்பியில் சுழியைத் தவிர எதுவுமில்லை. நிரப்பியின் நிரப்பி உ அல்ல, முழு வெளி. நேர்க் கூட்டல் தேற்றமும் விழுந்துவிடுகிறது. நிரூபணத்தில் எந்த வரியில் உடைகிறது? “உவுக்கு ஓர் ஆர்த்தோநார்மல் பேசிஸ் எடு” என்ற முதல் வரியில், அங்கே முடிவுறு பேசிஸ் கிடையாது. சரிசெய்ய வெளி முழுமையானதாகவும் (தமக்குள் நெருங்கிக்கொண்டே போகும் வெக்டர்களின் எல்லையும் அதற்குள்ளேயே இருக்கும்) உள்வெளி மூடியதாகவும் (தன் எல்லைகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும்) இருக்க வேண்டும். இப்படி முழுமையான உட்பெருக்கல் வெளிகளான ஹில்பர்ட் வெளிகள் தேவைப்படுவது இங்கேதான்.

இது கணித வகுப்பில் தெரிந்தே சேர்க்கப்பட வேண்டிய எதிர் எடுத்துக்காட்டு. எத்தனை 2 × 2, 3 × 3 கணக்குப் போட்டாலும் இது தென்படாது. முடிவுறு பரிமாணத்தில் எல்லா உள்வெளியும் தானாகவே மூடியது.

நிரூபண வழிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்ஸ்லர் மெய்யெண், கலப்பெண் வெளிகளில் மட்டும் உட்பெருக்கலை வைக்கிறார். பரிமாணங்களின் கூடுதல் விதியை நேர்க் கூட்டலிலிருந்து பெறுகிறார். அதைப் படித்தவருக்கு இந்த விதியே செங்குத்துத்தன்மையால் வருகிறது என்ற எண்ணம் தங்கிவிடுகிறது. உண்மையில் அது காஸியன் நீக்கலில் வரும் விதி: நிரைகளின் தரமும் (ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை) கட்டற்ற மாறிகளின் எண்ணிக்கையும் கூடி மொத்த நிரல்கள். 0, 1 மட்டும் உள்ள இருமக் களத்தில்கூட அது நிற்கும். அங்கே (1, 1) தன்னோடு பெருக்கினால் 1 + 1 = 0, தனக்குத் தானே செங்குத்து. தளத்தில் அது உருவாக்கும் கோட்டின் நிரப்பி அதே கோடுதான். பரிமாணம் 1 + 1 = 2 சரியாக வருகிறது, நேர்க் கூட்டல் மட்டும் இல்லை. பிழை திருத்தும் குறியீடுகளில் இது அன்றாடம்: நீளம் 8, பரிமாணம் 4 கொண்ட நீட்டிய ஹாமிங் குறியீடு தன் நிரப்பிக்கே சமம். ஸ்ட்ராங் வழியில் நிரை நீக்கலைப் பழகியவர் இதைச் சுலபமாக ஏற்றுக்கொள்வார், ஆக்ஸ்லர் மட்டும் படித்தவர் திகைப்பார்.

சில நடைமுறை விஷயங்கள். ஸ்ட்ராங்கின் ஒரு வகுப்பு சுமார் 50 நிமிடம், பார்த்ததும் புரிந்துவிட்ட உணர்வு வரும், அதை நம்ப வேண்டாம். 18.06எஸ்சி என்ற சுயகற்றல் வடிவத்தில் உதவி ஆசிரியர்கள் கணக்குப் போட்டுக் காட்டும் குறும்படங்கள் உள்ளன, வீடியோவை நிறுத்திவிட்டு முதலில் நீங்கள் போட்டுப் பாருங்கள். ஆக்ஸ்லரில் பயிற்சிகளுக்கு விடை இல்லை. தனியாகப் படிப்பவருக்கு இது உண்மையான சிரமம், நிரூபணத்தைச் சரிபார்க்க இன்னொருவர் கண் தேவைப்படும். முதல் இரண்டு அத்தியாயங்களில் நேர்க் கூட்டலும் பரிமாணமும் திடமாக இல்லாமல் ஆறாம் அத்தியாயத்துக்குத் தாவினால் மூன்றாம் பக்கத்திலேயே தடுக்கும்.

தேர்வுக்காக வருபவர்களுக்கு: பொறியியல் முதுகலை நுழைவுத் தேர்வான கேட்டில் 2024இல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் தாளின் பாடத்திட்டத்தில் வீழல் அணியும் செங்குத்து அணியும் பெயர் சொல்லியே இருக்கின்றன, அதற்கு ஸ்ட்ராங்கின் இந்த நான்கு வகுப்புகள் போதும். ஆராய்ச்சி, விரிவுரையாளர் தகுதிக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் கணிதத்துக்குப் போகிறவர் ஆக்ஸ்லரைத் தவிர்க்க முடியாது. “பின்வருவனவற்றில் எவை சரி” என்ற வகைக் கேள்வியில் நிபந்தனை ஒன்றை நைசாக நீக்கி வைத்திருப்பார்கள்.

விடையைக் கணினியில் சரிபார்க்க விரும்பினால் பைத்தானின் சைபை நூலகத்தில் சுழிவெளி தரும் கட்டளை இருக்கிறது. மூன்று எச்சரிக்கைகள். வெக்டர்களை நிரைகளாகக் கொடுங்கள், விடை நிரல்களாக வரும். அது ஆர்த்தோநார்மல் பேசிஸாகத் தருவதால் மேலே கண்ட (2, −1, 1, 0) அப்படியே வராது, தசமங்கள் வரும். விடை ஒன்றுதானா என்று பார்க்க, இரண்டு பேசிஸையும் சேர்த்து அடுக்கித் தரம் 2ஆகவே இருக்கிறதா என்று பாருங்கள். கலப்பெண் அணியென்றால் கொடுப்பதற்கு முன் நீங்களே இணையெண் எடுத்துவிட வேண்டும், கட்டளை அதை உங்களுக்காகச் செய்யாது. (1, ஐ)ஐ அப்படியே கொடுத்தால் அதே உள்வெளியைத்தான் திருப்பித் தரும், பிழைச் செய்தி எதுவும் வராது.